அதிகமாக ஓட்டுப் போட்ட தெரு

பால்டிமோர் நகரத்தின் கிழக்கே, லோம்னி தெருவின் ஒற்றைப்படை வரிசையில் குடியிருப்பவர்களுக்குத் தேர்தல் நாளன்று நோயாளியாக இருக்க அனுமதி கிடையாது. அனுமதி தராதவள் 417-ஆம் எண் வீட்டு லாட்டி பனாஷ். காய்ச்சல் என்றால் கம்பளி கொண்டுவருவாள். கால் வலி என்றால் சக்கர நாற்காலி வரும். பிரசவ வலி எடுத்த ஒருத்தியை வழியில் வாக்குச்சாவடியில் இறக்கி, ஓட்டுப் போட வைத்து, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. லாட்டி அதை மறுத்ததில்லை. குழந்தை நல்லபடியாகத்தானே பிறந்தது என்பாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவள். எந்தப் பிள்ளை பட்டாணியை ஒதுக்கும், எந்தப் பிள்ளை அடுத்தவன் தட்டிலிருந்து எடுக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிப் பழகியவள், அதே கண்ணைத் தெருவின் மேல் வைத்தாள். கட்சி மன்றம் அவளைத் தெருப் பொறுப்பாளர் ஆக்கியது அதற்காகத்தான். லோம்னி தெருவின் ஒற்றைப்படை வரிசையும், அதன் முதுகுப்புறத்தில் ரயில் பாதை வரைக்கும் உள்ள சந்துகளும் அவள் பேட்டை. எதிர்சாரி, அதாவது இரட்டைப்படை வரிசை, வேறு ஒருவர் பொறுப்பில் இருந்தது. அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. மன்றத்துப் பலகையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது விழுந்த ஓட்டுக்கும் செத்த பிறகு விழுந்த ஓட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் யாரும் அதை அழிக்கவில்லை.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் அந்தத் தொகுதியின் வரைபடத்தைப் பார்த்தவர்கள் அதை லாரிச் சக்கரம் ஏறிய நண்டு என்பார்கள். உடம்பு துறைமுகத்தில் கிடக்கும். ஒரு கொடுக்கு நெடுஞ்சாலையை ஒட்டியே நீண்டு போய், எங்கோ ஒரு கல்லூரி விடுதியைக் கவ்விக்கொண்டு நிற்கும். இன்னொரு கொடுக்கு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கல்லறைத் தோட்டத்தை மட்டும் ஏன் வெளியே விட்டார்கள் என்று யாராவது கேட்டால், லாட்டியின் கணவன் ஸ்டாஷ், அங்கே படுத்திருப்பவர்கள் இனிமேல் கட்சி மாற மாட்டார்கள், அதனால் அவர்களைப் பற்றிக் கவலை இல்லை என்பான்.

எப்போதிலிருந்து இந்தத் தொகுதி ஒரே கட்சிக்குப் போடுகிறது என்பது யாருக்கும் நினைவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒரே ஒரு தடவை ஜெயித்திருக்கிறார். அந்த வருஷம் சொந்தக் கட்சி வேட்பாளர் ஜெயிலில் இருந்தார். அப்படியும் ஓட்டு வித்தியாசம் சொற்பம்தான். டெரன்ஸ் கெஹோ காங்கிரஸ் உறுப்பினராகி இருபத்தாறு வருஷம். அவர் முதல் தடவை நின்றபோது லாட்டி வாசல் வாசலாக ஏறினாள். அன்று முதல் இன்று வரை அவள் பேட்டையில் அவருக்கு விழுவது நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. மிச்ச ஆறு பேர் யார் என்பதும் லாட்டிக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் தொத்திறைச்சி போகாது.

இதற்கெல்லாம் அவள் கேட்ட கூலி ஒரு நாற்காலி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தீயணைப்பு வீரர்கள் கூடத்தில் கெஹோவின் விருந்து நடக்கும். மாட்டுத் தொடையை நெருப்பில் வாட்டி அறுத்து அறுத்துப் போடுவார்கள். ஒரு மூலையில் சிப்பி உடைப்பார்கள். இன்னொரு மூலையில் அதிர்ஷ்டச் சக்கரம் சுழலும். ஜெயித்தவன் பன்றித் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவான். டிக்கெட் வாங்கியவன் எவனும் வரலாம். ஆனால் மேடையை ஒட்டிய முதல் மேஜைக்கு டிக்கெட் கிடையாது. அங்கே கெஹோவும் அவர் மனைவியும் அவர் பொறுக்கி எடுத்தவர்களும்தான். லாட்டியின் இடம் கெஹோவுக்கு நேர் எதிரில். அவர் அறுத்த முதல் துண்டு அவள் தட்டில் விழும். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு எடுத்த உடுப்பைவிட அந்த விருந்துக்கு எடுத்த உடுப்பு விலை கூடியது என்று மருமகளுக்கு இன்னமும் வருத்தம்.

பத்து வருஷத்துக்கு ஒரு முறை நாட்டில் தலைகளை எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் தொகுதிக் கோடுகளை மறுபடி வரைவார்கள். அந்தக் குளிர்காலத்தில் புதிய வரைபடம் தயாரானது. மாநிலத் தலைநகரத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறார்கள் என்று தகவல் வந்தது. பொதுமக்களைத் தயார் செய்யும் வேலையை மன்றத்தின் தலைவர் சால் பெகோரா எடுத்துக்கொண்டார். ஒரு பஸ், தலைக்கு ஒரு பன்றியிறைச்சி ரொட்டி, ஒரே நிறத்தில் பனியன். வரைபடத்துக்கு ஆதரவாக ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேச வேண்டும்.

“அக்கம்பக்கத்தைப் பிரிக்காதீங்கன்னு சொல்லு, லாட்டி,” என்றார் சால். “இந்த மேப்தான் எங்களுக்கு நல்லதுன்னு சொல்லு. அழுகை வந்தா அடக்காதே.”

வரைபடம் எப்படி இருக்கிறது என்று லாட்டி கேட்கவில்லை. கெஹோ ஒப்புக்கொண்டது என்றார் சால், அது போதும். தலைநகரத்துக் கூடத்தில் மாநிலம் முழுவதன் வரைபடத்தையும் ஒரு முக்காலியில் மாட்டி வைத்திருந்தார்கள். லோம்னி தெரு அதில் ஒரு கொசுவின் காலளவு இருக்கலாம். அவள் மூக்குக்கண்ணாடி பஸ்ஸில் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்களும் வேறொரு நிறப் பனியனில் வந்து, இந்த வரைபடம் அக்கம்பக்கத்தைப் பிரிக்கிறது என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கு வெறியேற்றியது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தான் பிறந்த தெரு, ஞானஸ்நானம் பெற்ற தேவாலயம், வாக்குச்சாவடிக்குத் தன்னோடு கை கோத்து நடந்து, பிறகு செத்துப்போன கிழவிகள் என்று எல்லோரையும் இழுத்தாள். சால் சொன்ன அழுகை தானாகவே வந்தது. கடைசியாக, “என் தெருவுக்கு இதைவிட நல்லதை யாராலயும் செய்ய முடியாது” என்று முடித்தாள். கருத்துக் கேட்ட குழுவின் தலைவர் கைக்குட்டை எடுத்தார். திரும்பும் வழியில் சால் தன் ரொட்டியையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்.

வரைபடம் சட்டமானது. புதிய வாக்காளர் அட்டை தபாலில் வந்தபோது, இருபத்தாறு வருஷமாகத் தெருவையே ஓட்டுப் போட வைப்பவளுக்கு அட்டை எதற்கு என்று உறையைக்கூடப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டாள்.

வசந்தத்தில் கெஹோவின் விளம்பரப் பலகைகளை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தது. பிரசார வேலைக்காரன் டரல், முப்பத்தைந்து வயதுக்காரன், ஜன்னலுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தான். லாட்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் கையில் எப்போதும் நாற்பது பலகை கொடுத்துவிடுவான். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். வண்டி எதிர்சாரியிலேயே ஊர்ந்தது. நேர் எதிரே அழகு நிலையம் வைத்திருந்த டெஸ்பினா இரண்டு பலகை கேட்டு வாங்கினாள். கிரேக்கக்காரி, தலைமுடி திருத்துவதில் கெட்டிக்காரி, பிறந்ததிலிருந்து ஓட்டுப் போடாதவள். ஜன்னல் ஏ.சி.க்குப் பக்கத்தில் இருந்த இடுக்கில் கெஹோவின் முகத்தைச் செருகிக் காற்றை அடைத்தாள். அளவு சரியாக இருந்தது.

வண்டி தெருமுனைக்குப் போய்விட்டது. லாட்டி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். இந்தப் பக்கத்தை மறந்துவிட்டானா என்று கேட்டாள்.

“இந்தப் பக்கம் நம்மது இல்லையே, மிஸ் லாட்டி,” என்றான் டரல். “கோடு நடுரோட்டுல போகுது.”

“எந்தக் கோடு?”

எரிவாயுக் குழாய்க்காகத் தோண்டி மூடிய தார்த் தழும்பு ஒன்று தெருவின் நட்டநடுவில் ஓடியது. அவன் அதைக் கையால் காட்டினான். அவளுடைய வரிசையும், பின்னால் ரயில் பாதை வரைக்கும் உள்ள சந்துகளும், இப்போது அடுத்த தொகுதியில் இருந்தன. அந்தத் தொகுதி குதிரைப் பண்ணைகளிலும் சோளக்கொல்லைகளிலும் பரந்து கிடந்து, ஒரு பாலத்தின் வழியாக ஊருக்குள் ஒரு விரலை நீட்டி, லாட்டியின் பேட்டையை மட்டும் நகத்தால் கிள்ளி எடுத்திருந்தது.

“உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்,” என்றான் டரல். “நீங்கதானே அங்க பேசினீங்க. நானும் அந்த பஸ்லதான் வந்தேன். எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

லாட்டி நேராக மன்றத்துக்குப் போனாள். சால் பகல் நேரத்துப் பீரோடு உட்கார்ந்திருந்தார். எங்கேயோ தவறு நடந்திருக்கிறது, கெஹோவிடம் சொல்லித் திருத்த வேண்டும் என்றாள். சால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தவறு எதுவும் நடக்கவில்லை என்பது அந்த நாற்காலியை இழுத்த விதத்திலேயே தெரிந்தது.

“இங்க பாரு, கண்ணு. கோப்பை நிரம்பின பிறகும் ஊத்திக்கிட்டே இருந்தா பீர் எங்க போகும்? தரைக்குப் போகும். நம்ம தொகுதி நிரம்பின கோப்பை. கெஹோவுக்கு நூத்துக்கு அம்பத்தஞ்சு போதும். நீ கொண்டுவர்றது தொண்ணூத்தி நாலு. அது தரையில வழியுது. பக்கத்து மேஜைல கோப்பை பாதிதான் இருக்கு. அங்க நம்ம ஆளு போன தடவை நூலிழையில தோத்தார். உன் பேட்டையை அங்க ஊத்தினா ஜெயிக்கலாம்.”

“நான் கம்மியா கொண்டுவந்திருந்தா?”

“அறுபது கொண்டுவந்திருந்தா உன்னை யார் தொட்டிருப்பாங்க? எதிர்சாரியைப் பாரு. ஒருத்தனும் வீட்டை விட்டு வர்றதில்லை. அதை எடுத்து யாருக்கு என்ன லாபம்? அதனால அது அப்படியே உள்ள இருக்கு.”

கெஹோவுக்கு இது தெரியுமா என்று லாட்டி கேட்டாள்.

“அவர்தானே கை காட்டினார்,” என்றார் சால். “உங்களுக்கு ரொம்ப உறுதியான இடம் எதுன்னு மேப் போடுறவங்க கேட்டாங்க. அவர் யோசிக்கவே இல்லை. லாட்டியோட இடம்னார். பெருமையா சொன்னார், தெரியுமா? எனக்கே பொறாமையா இருந்துச்சு.”

அப்படியானால் செத்தவரின் பெயரை அழித்துவிட்டு எதிர்சாரியைத் தன்னிடம் கொடுங்கள், பத்தடி நடந்தால் போதும் என்று லாட்டி கேட்டாள். சால் வருத்தத்தோடு தலையாட்டினார். பொறுப்பாளர் தொகுதிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி.

கெஹோவே தொகுதிக்குள் குடியிருக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். அவர் வீடு ஏரிக்கரையில், நண்டின் எந்தக் காலும் எட்டாத இடத்தில் இருந்தது. லாட்டி அதைச் சொல்லிக் காட்டினாள். காங்கிரஸ் உறுப்பினர் மாநிலத்துக்குள் எங்கிருந்தாலும் போதும் என்று நாட்டின் சட்டமே சொல்கிறது என்றார் சால். அவருக்குச் சட்டம், லாட்டிக்கு விதி. முதல் மேஜையைப் பற்றி அவள் கேட்பதற்கு முன்பே, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பையை எடுத்தார்.

வீட்டில் ஸ்டாஷ் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் குறைத்தான்.

“இரும்பாலைல நான் அப்படித்தான் வேலை செஞ்சேன்,” என்றான். “கேட்டதுக்கு மேல ஒரு தடவைகூடச் செஞ்சதில்லை. கடைசி நாள் வரைக்கும் என்னை யாரும் வேற எங்கயும் மாத்தலை.”

“வாயை மூடு, ஸ்டாஷ்.”

“நான் என்ன சொல்லிட்டேன்? இனிமே ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும்னுதான் பார்க்குறேன்.”

ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் கெஹோவை எதிர்த்து யாரும் நிற்கவில்லை, அதனால் லாட்டி இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை. கோடையில் எதிர்க்கட்சிக்காரர்கள் வரைபடத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். லாட்டி வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்க்கட்சிக்காக ஜெபமாலை உருட்டினாள். தீர்ப்பு செய்தியில் வந்தது. கோட்டினால் பிரிக்கப்பட்ட பகுதி மக்களே அதை மனமார வரவேற்றிருக்கிறார்கள் என்று நீதிபதி எழுதியிருந்தாராம். சாட்சியாக ஒரு பெண்மணி திரையில் தோன்றினாள். மூக்குக்கண்ணாடி இல்லாமல், கண்ணீரோடு, தன் தெருவுக்கு இதைவிட நல்லதை யாராலும் செய்ய முடியாது என்றாள். ஸ்டாஷ் வாயைத் திறந்தான். லாட்டி அவனைப் பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.

அக்டோபர் விருந்துக்கு அவளுக்குச் சீட்டு வந்தது. அதில் மேஜை எண் முப்பத்தெட்டு என்று இருந்தது. போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். போகாவிட்டால் அவள் இல்லை என்பது ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும் என்பது உறைத்ததும், உடுப்பை இஸ்திரி போட்டாள்.

முப்பத்தெட்டாம் மேஜை சமையலறைக் கதவுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு கதவுகளும் மாறி மாறி அவள் முதுகில் இடித்தன. அங்கே அடுத்த தொகுதி வேட்பாளர் விட்னி தோர்ன் என்ற குதிரைப் பண்ணைக்காரம்மாவும் அவர் கூட்டமும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா மாமிசம் சாப்பிட மாட்டார். மாட்டைத் தோலுரித்து வாட்டுகிற விருந்துக்கு டப்பாவில் கீரை கொண்டுவந்திருந்தார். லாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் சின்னச் சின்ன வீடுகள் எவ்வளவு அழகு, உள்ளே மனிதர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். வேறு ஏதோ கேட்க வந்திருப்பார். லாட்டி இருக்கிறார்கள் என்றாள்.

முதல் மேஜையில் கெஹோவுக்கு நேர் எதிரில், புதிதாகச் சுருட்டிவிட்ட கூந்தலோடு டெஸ்பினா உட்கார்ந்திருந்தாள்.

இதை ஏற்பாடு செய்தது சால். எதிர்சாரிக்கு உயிரோடு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று ஒருவழியாகத் தீர்மானித்தபோது, அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வாரம் ஒரு முறை போய்வரும் இடம் டெஸ்பினாவின் கடைதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் வாழ்நாளில் ஓட்டுப் போட்டதில்லை என்பது ஒரு குறையாகப் படவில்லை. அவள் கோட்டுக்கு உள்ளே இருந்தாள். கெஹோ முதல் துண்டை அறுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைக் கத்தியால் புரட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்று அவரிடமே சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

கெஹோ மேஜை மேஜையாகச் சுற்றி வந்தார். லாட்டியைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்தார். ஒலிவாங்கி இன்னும் சட்டையில் இருந்ததால் கூடம் முழுவதும் கேட்டது. இதோ, கட்சிக்காகத் தன் தெருவையே கொடுத்த பெண்மணி என்றார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். லாட்டி அந்தக் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“நான் எந்த மேஜைல இருக்கேன், காங்கிரஸ்மேன்?” என்று கேட்டாள்.

“எல்லா மேஜையும் உங்க மேஜைதான், லாட்டி.”

“அப்ப முதல் மேஜைல எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.”

கெஹோ அருமையான நகைச்சுவையைக் கேட்டவர் போலச் சிரித்தார். அவள் தோளைத் தட்டிய கை தோளில் இருக்கும்போதே அவர் கண்கள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டன. போல்கா நடன வாத்தியம் தொடங்கியது. சமையலறைக் கதவு அவள் முதுகில் இடித்தது.

அடுத்த வாரம் டெஸ்பினா தெருவைக் கடந்து வந்து 417-இன் கதவைத் தட்டினாள். இரண்டு பேரும் பேசிப் பல வருஷம் இருக்கும். ஒரு முறை லாட்டியின் முடிக்குச் சாயம் போட்டபோது அது ஆரஞ்சு நிறத்தில் வந்ததும், பூசணிக்காய் செதுக்கி வைக்கும் பேய்த் திருநாளுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று டெஸ்பினா சொன்னதும்தான் காரணம்.

“உள்ள வரலாமா, இல்ல அடுத்த தொகுதிக்காரிக்கு அனுமதி இல்லையா?” என்றாள் டெஸ்பினா.

“செருப்பைத் துடைச்சிட்டு வா.”

டெஸ்பினா உட்கார்ந்தாள். “எனக்கு ஒண்ணும் புரியலை, லாட்டி. சால் ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்துட்டுப் போயிட்டான். நான் முடி வெட்டும்போது சொல்லிப் பார்த்தேன். ஆகட்டும் ஆகட்டும்கிறாளுங்க. ஆகட்டும்னு சொல்றவ வர மாட்டா, அது எனக்கே தெரியும். நானே அப்படித்தான் சொல்லுவேன். நீ எப்படிடி இத்தனை வருஷம் இதுங்களை இழுத்துட்டுப் போனே?”

“முதல் மேஜைல கேட்டிருக்கலாமே.”

“அங்க யாருக்குத் தெரியும்? அவங்க உன்னைத்தான் கேக்கச் சொன்னாங்க.”

லாட்டிக்கு இப்போது செய்ய வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. கதவைத் திறந்து அவளை வெளியே அனுப்ப வேண்டும். இரட்டைப்படை வரிசை வழக்கம்போல வீட்டுக்குள்ளேயே கிடக்கும். சால் தலையில் அடித்துக்கொள்வார். முதல் மேஜையில் அந்த நாற்காலி காலியாகும். ஆனால் காலியான நாற்காலி அவளுக்கு வராது. எதிர்சாரியில் இன்னொருத்தியைப் பிடித்து உட்கார வைப்பார்கள். எதிர்சாரி எத்தனை காலம் சோம்பேறியாக இருக்கிறதோ அத்தனை காலம் அது கெஹோவின் மடியில் பத்திரமாக இருக்கும். இந்தக் கடைசி நினைப்பு வந்ததும் லாட்டி அதை அங்கேயே நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்த்தாள். பட்டாணியை ஒதுக்கும் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

எழுந்து காப்பி போட்டாள்.

அன்று மத்தியானம் முழுவதும் டெஸ்பினாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எதையும் மறைக்கவில்லை. ஓட்டுப் போடு என்று யாரிடமும் கேட்கக் கூடாது. எத்தனை மணிக்குப் போகிறாய் என்று கேட்க வேண்டும். நேரம் சொன்னவள் வாக்குக் கொடுத்த மாதிரி. ஒவ்வொருத்திக்கும் பிடிக்காத ஒருத்தி தெருவில் இருப்பாள். அவள் காலையிலேயே போட்டுவிட்டாள் என்று சொன்னால் போதும். புருஷன்களிடம் பேசிப் பயனில்லை, வாக்குச்சாவடியில் சூடான சூப் இருக்கிறது என்று அவர்கள் காதில் விழும்படி பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும். சூப்பை முந்தின நாளே வைத்துவிட வேண்டும். இளவட்டங்களை அவர்களுடைய அம்மாக்கள் எழுப்புவார்கள், அம்மாக்களை நாம் எழுப்ப வேண்டும். தேர்தல் நாளுக்கு முந்தின வாரம் முடி சுருட்டிவிடு, காசு வாங்காதே. புதுக் கூந்தலோடு ஒருத்தியும் வீட்டுக்குள் உட்கார மாட்டாள். இந்தக் கடைசி யோசனை லாட்டிக்கே புதிது. அவளுக்கு இத்தனை வருஷம் கிடைக்காத ஆயுதம் டெஸ்பினாவின் கையில் இருந்ததைப் பார்த்து ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது.

“இவ்வளவு சொல்லித் தர்றியே, எனக்குப் பயமா இருக்கு,” என்றாள் டெஸ்பினா. “முடி விஷயத்துக்கு இன்னும் கோவமா இருப்பேன்னு நினைச்சேன்.”

“கோவம்தான். அறுபதோட நிறுத்திடாதே. தொண்ணூறைத் தாண்டணும்.”

“அவ்வளவு எதுக்கு?”

“கெஹோ பெருமைப்படுவார்,” என்றாள் லாட்டி.

தேர்தல் நாளன்று அவள் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்சாரியில் அப்படி ஒரு கூட்டத்தை யாரும் கண்டதில்லை. ஒரே மாதிரிச் சுருட்டிய தலைகள் கோவில் ஊர்வலம் போல வரிசையாகப் போயின. டெஸ்பினா நடுவில் நின்று, போகாதவள் பெயரைச் சொல்லித் தெரு அதிரக் கூப்பிட்டாள். ஒற்றைப்படை வரிசையில் கதவுகள் மூடியே இருந்தன. யாரும் தட்டாததால் அன்று தேர்தல் என்றே சிலர் நினைக்கவில்லை. சிலர் மட்டும் மத்தியானம் வாசலுக்கு வந்து, லாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அவள் கை அசைத்தாள், யாரையும் கூப்பிடவில்லை. சாயங்காலம் தான் மட்டும் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். யாருக்குப் போட்டாய் என்று ஸ்டாஷ் கேட்டான். அது ரகசியம் என்றாள். அந்த உரிமை தனக்கும் உண்டு என்பது அவளுக்கு அன்றுதான் நினைவு வந்தது.

குதிரைப் பண்ணைக்காரம்மா தோற்றார். முந்தின தடவை கட்சி தோற்ற அதே நூலிழையில் தோற்றார். மழை வரும் போல இருந்ததால் மக்கள் வெளியே வரவில்லை என்று கட்சியின் நிபுணர்கள் தொலைக்காட்சியில் விளக்கினார்கள். கெஹோ வழக்கம்போல ஜெயித்தார். சால் போன் செய்து, எதிர்சாரியில் தொண்ணூற்றாறு என்று கத்தினார். அவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சியை லாட்டி கேட்டதில்லை. தொகுதியிலேயே உறுதியான இடம் இப்போது அதுதான், கெஹோ பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார் என்றார்.

“எல்லார்கிட்டயும் சொல்லட்டும்,” என்றாள் லாட்டி. “மேப் போடுறவங்ககிட்டயும் சொல்லச் சொல்லு.”

மறுநாள் டெஸ்பினா வால்நட் கேக்கோடு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. அடுத்த விருந்திலும் கெஹோ முதல் துண்டு தனக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம். லாட்டி கேக்கை வாங்கி மேஜையில் வைத்தாள். சந்தோஷம் என்றாள். இதோடு விட்டுவிடக் கூடாது, அடுத்த தடவையும் குறையக் கூடாது, அதற்கடுத்த தடவையும் குறையக் கூடாது, புதுக்கோடு வரைகிற வருஷம் வரைக்கும் ஒரு ஓட்டும் கீழே போகாமல் பார்த்துக்கொள், என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம் வா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டெஸ்பினாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் தெருவைக் கடந்து போவதை ஸ்டாஷ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் எதையோ கணக்குப் போட்டான்.

“அடுத்த கோடு போடும்போது உனக்கு எத்தனை வயசு, லாட்டி?”

“எழுபத்திமூணு.”

“அதுவரைக்கும் இருப்பியா?”

“இருப்பேன்,” என்று சொல்லிவிட்டு, லாட்டி கேக்கில் தனக்குப் பெரிய துண்டாக அறுத்தாள்.